ஒரே ரத்தம்னு சொல்றோமே

எல்லாருக்கும் வணக்கம். ரத்தம்ங்கிற சொல்லைப் பத்திப் பேசணும்னு கூப்பிட்டாங்க, நான் யோசிக்கவே இல்ல, உடனே சரின்னுட்டேன், ஏன்னா எங்க அம்மா ஆஸ்பத்திரியில படுத்திருந்த ஒரு ராத்திரியிலேருந்து அந்தச் சொல் என் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல சொல்லைப் பார்ப்போம்.

நம்மகிட்ட இதுக்கு மூணு பேர் புழக்கத்துல இருக்கு. ரத்தம், உதிரம், குருதி. ரத்தம், வடமொழி ரக்தவிலேருந்து வந்தது, ரக்தன்னா சாயம் ஏறினது, சிவந்ததுன்னு அர்த்தம். உதிரம் ருதிரத்துலேருந்து வந்தது, அதுவும் சிவப்புதான். குருதியை எடுத்துக்கோங்க, தொல்காப்பியம் உரியியல்ல "குருவும் கெழுவும் நிறனா கும்மே"ன்னு வருது, குருன்னா நிறம், குருதி அதுலேருந்து கிளைச்சதுன்னு சொல்றவங்க உண்டு. குறுந்தொகையோட முதல் பாட்டைப் பாருங்க, முதல் வரியிலயே செங்களம், களமே சிவந்து கிடக்கு, கடைசி வரியில அதே சிவப்பு காந்தள் குலையில வந்து உட்காருது, அந்தப் பூவுக்குப் பேரு "குருதிப் பூ". எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அந்த இடத்துல ஒரு நிமிஷம் நிக்கணும்னு தோணும்.

ஆக மனுசன் இதைப் பார்த்ததும் "சிவப்பா இருக்கே"ன்னுதான் பேர் வச்சிருக்கான். சொந்தம்னு வைக்கல, கோபம்னு வைக்கல. இன்னொண்ணு கேளுங்க, ரக்தவுக்கு எந்த வேரோ அதே வேர்தான் ராகத்துக்கும் அனுராகத்துக்கும். துணியில சாயம் பிடிக்கிறதும் மனசுக்கு ஒருத்தரைப் பிடிக்கிறதும் ஒரே வேர்லேருந்து வந்திருக்கு.

அதுக்குமேல நாம ஏத்தினது கொஞ்சமா? கோபம் வந்தா ரத்தம் கொதிக்குது, பயந்தா உறைஞ்சுபோகுது, கெட்ட சேதி கேட்டா முகத்துல ரத்தம் சுண்டிப்போகுது, கடன் குடுத்தவன் ரத்தத்தை உறிஞ்சுறான், உழைக்கிறவன் ரத்தத்தை வேர்வையா சிந்துறான், வயசுப் பசங்கன்னா இளரத்தம், அப்புறம் நம்ம மேடையில பேசுறவங்க கூட்டத்தைப் பார்த்து ரத்தத்தின் ரத்தமேன்னு கூப்பிடுறாங்க. இதுல முகத்துல ரத்தம் சுண்டுறது மட்டும் அப்படியே நிஜம், பயத்துல தோலுக்குப் போற குழாய்கள் சுருங்கிடும், முகம் வெளுத்துடும், யாரோ பக்கத்துல இருந்து உத்துப் பார்த்துச் சொன்ன சொல்லு அது.

உதிரத்துக்கு இன்னொரு வேலையும் குடுத்திருக்கோம். மாசாமாசம் பொண்ணுங்களுக்கு வர்றதை ரத்தம்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், உதிரப்போக்குன்னு டாக்டர் எழுதுவார், மத்தவங்க "தூரம்", "விலக்கு"ன்னு ரத்தமே இல்லாத சொல்லா தேடிப் பிடிச்சு வச்சிருக்கோம். போர்ல சிந்தினதுக்கு அத்தனை பாட்டு, பிள்ளை உண்டாகுறதுக்காக உடம்பு தயார் பண்ணி வச்ச ரத்தத்துக்கு வெறும் மறைப்பு. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமா இருக்கு, அதைச் சொல்லாம தாண்டிப்போக முடியல.

சரி, "அது அவன் ரத்தத்துலயே ஊறினது"ன்னு சொல்றோம்ல, குணம், திறமை, திமிர் எல்லாத்துக்கும். இந்த நம்பிக்கை வெறும் பேச்சோட நிக்கல. 1667-ல பாரிஸ்ல டெனின்னு ஒரு டாக்டர், மூர்க்கம் பிடிச்சு அலைஞ்ச ஒரு ஆளுக்கு கன்னுக்குட்டி ரத்தத்தை ஏத்தினார், கன்னுக்குட்டி சாதுவான பிராணி, அந்த ரத்தம் போனா இவனும் சாதுவாயிடுவான்னு எதிர்பார்ப்பு. அந்த ஆள் செத்துப்போனார், கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு, பிறகு ரத்தம் ஏத்துறதுக்கே அங்க தடை வந்துடுச்சு. ஊறுதுன்னு சொல்றோமே, ஊறுறதுக்கு அது அங்க தங்கணும்ல? ஒரு சிவப்பணு சுமார் 120 நாள்தான் இருக்கும். எலும்பு மஜ்ஜை விநாடிக்கு 20 லட்சத்துக்கு மேல புதுசு புதுசா பண்ணி அனுப்பிக்கிட்டே இருக்கு. நாலு மாசத்துக்கு முன்னாடி உங்ககிட்ட ஓடின சிவப்பணு கிட்டத்தட்ட எதுவுமே இன்னைக்கு உங்ககிட்ட இல்ல. அதுவுமில்லாம முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, பரம்பரையைச் சுமக்கிற டிஎன்ஏ அதுக்குள்ள இல்ல. டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தா வெள்ளையணுவுலேருந்துதான் டிஎன்ஏவை எடுப்பாங்க. நாம எந்தச் சிவப்பைப் பார்த்து என் வம்சம்னு மார்தட்டுறோமோ அந்தச் சிவப்புல வம்சம் எழுதியே இல்ல.

இப்ப அந்த ராத்திரி. அம்மாவுக்கு ரத்தம் நிறைய போயிடுச்சு, உடனே ஏத்தணும்னாங்க. நாங்க மூணு பசங்க, மூணு பேரும் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு நின்னோம், எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க, எங்க அம்மா ரத்தம்தானே எங்க உடம்புல ஓடுதுன்னு எங்க அண்ணன் சத்தமாவே சொன்னான். லேப்ல ஒரு அம்மா இருந்தாங்க, ஒண்ணும் பதில் சொல்லல, என் விரல்ல குத்தி ஒரு வெள்ளை ஓட்டுல ரெண்டு மூணு சொட்டு தனித்தனியா வச்சாங்க, ஒண்ணுல நீலமா ஒரு மருந்து, இன்னொண்ணுல மஞ்சளா ஒண்ணு, குச்சியால கலக்கிட்டு ஓட்டை லேசா ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. நீல மருந்து விட்ட சொட்டு பார்த்துக்கிட்டு இருக்கும்போதே திரிஞ்ச பால் மாதிரி திட்டுத்திட்டா பிரிஞ்சுடுச்சு, மஞ்சள் விட்டது அப்படியே வழவழன்னு கிடந்தது. "நீங்க ஏ குரூப். அம்மா ஓ. நீங்க குடுக்க முடியாது தம்பி"ன்னாங்க. அண்ணன் பி. கடைசித் தம்பி ஏ. அப்பா ஏபி. அந்த ஜோடிக்குப் பொறக்கிற பிள்ளைங்க சாதாரணமா ஏ இல்லன்னா பி, அம்மா மாதிரியும் வராது, அப்பா மாதிரியும் வராது. பத்து பிள்ளை பெத்திருந்தாலும் எங்க அம்மாவுக்கு ஒரு பிள்ளையோட ரத்தமும் சேர்ந்திருக்காது.

வியன்னாவுல கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல எழுதினது இதைத்தான், தன் ரத்தத்தையும் கூட வேலை பார்த்தவங்க ரத்தத்தையும் மாத்தி மாத்திக் கலந்து பார்த்து எது சேருது எது திரியுதுன்னு பிரிச்சார், 1930-ல நோபல் குடுத்தாங்க, அவர் பொறந்த நாள் ஜூன் 14, அதைத்தான் உலக ரத்ததான நாளா வச்சிருக்காங்க. அதெல்லாம் பரீட்சைக்குப் படிச்சதுதான், ஆனா அந்த ஓட்டுல என் சொட்டு திரிஞ்சப்பதான் புரிஞ்சது.

அப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். வயித்துல இருக்கும்போதுகூட தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் சாதாரணமா கலக்குறது இல்ல, நஞ்சுக்கொடியில நடுவுல ஒரு மெல்லிசு சுவர் இருக்கு, ஆக்சிஜனும் சத்தும் அதைத் தாண்டி வரும், ரெண்டு ரத்தமும் அவங்கவங்க பக்கம்தான் ஓடும். பிரசவத்துல கொஞ்சம் கலந்துட்டாகூட, தாய் நெகட்டிவ் குரூப், பிள்ளை பாசிட்டிவ் குரூப்னா, அடுத்த பிள்ளைக்கு ஆபத்து, அதைத் தடுக்கத்தான் 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி. இன்னொண்ணு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, நெருங்கின ரத்த சொந்தம் குடுக்கிற ரத்தத்தை கதிர்வீச்சு காட்டிட்டுத்தான் ஏத்தணும்கிறாங்க, சொந்தக்காரங்க வெள்ளையணு ஜாடையில ஒத்துப்போறதால வாங்குறவங்க உடம்பு அதை அந்நியம்னு கண்டுபிடிக்காம விட்டுடலாம், அது உள்ள தங்கி அந்த உடம்பையே தாக்கலாம், அபூர்வம்தான், ஆனா வந்தா பெரும்பாலும் உயிர் போயிடும். நம்ம பழமொழி சொன்னவங்க இதுல ஜாக்கிரதையா இருந்திருக்காங்க, தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னுதான் சொன்னாங்க, ரத்தம் ஆடும்னு சொல்லல.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பை ஓ பாசிட்டிவ் வந்தது. நான்தான் வார்டு வரைக்கும் தூக்கிக்கிட்டுப் போனேன், ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்தது, கை ஜில்லுன்னு இருந்தது. லேபிள்ல ஒரு நம்பர், குரூப், எடுத்த தேதி, எதுவரைக்கும் வச்சுக்கலாம்னு ஒரு தேதி, அவ்வளவுதான். பேர் இல்ல.

விடியக்காலையில அம்மா கண்ணைத் திறந்து, மேல தொங்கின பையை ரொம்ப நேரம் பார்த்துட்டு, யாருடா குடுத்தாங்கன்னு கேட்டாங்க. தெரியலம்மான்னேன். அன்னையிலேருந்து எங்க வீட்டுல அந்த ஆளைப் பத்திப் பேச்சு வந்தா, ஆணா பொண்ணா வயசு என்ன எதுவும் தெரியாமயே, அம்மா "அந்தப் புள்ள"ன்னுதான் சொல்றாங்க. அந்தப் புள்ள சாப்பிட்டுச்சோ என்னமோன்னு.