பீனாலைக் காட்டிக்கொடுக்கும் பட்டை

நேயர்களுக்கு வணக்கம். நீரில் கலந்த பீனாலைக் களத்திலேயே அளக்கும், மின்முனை பதித்த நெகிழும் பட்டையைப் பற்றி இன்று பேசுவோம்.

குழாய் நீரில் மருந்து வாடை வீசுகிறது என்று புகார் வந்தால், நீர் வேதியியல் தெரிந்தவர்கள் முதலில் சந்தேகப்படுவது பீனால் என்ற நச்சுச் சேர்மத்தின் வகைகளைத்தான். நிலக்கரித் தாரிலிருந்து 1834-இல் ஜெர்மன் வேதியியலாளர் ரூங்கே பிரித்தெடுத்த பீனால், இன்று பிசின், மருந்து, பெட்ரோலியம் எனப் பல ஆலைகளின் கழிவில் வருகிறது. கிருமி நீக்கத்துக்கு இடும் குளோரின் அதனோடு வினைபுரிந்தால் குளோரோபீனால்கள் உருவாகின்றன. இவற்றில் சில, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

ஆய்வகங்களின் பழைய வழி, நீரைக் காய்ச்சி வடித்து, 4-அமினோஆன்டிபைரின் என்ற வினைப்பொருளைச் சேர்த்து, எழும் சிவப்பு நிறத்தை அளப்பது. நல்ல முறைதான். ஆனால் பாரா-கிரெசால் போன்ற சில பீனால் வகைகள் அதில் ஏறக்குறைய சிக்குவதே இல்லை. தவிர, ஆற்றங்கரையில் நின்று நீரைக் காய்ச்சி வடிக்க முடியுமா?

மின்முனை அந்த வேலையை எளிதாக்குகிறது. தக்க மின்னழுத்தம் கொடுத்தால் பீனால் எலக்ட்ரானை இழக்கிறது. அந்த மின்னோட்டமே அளவைச் சொல்லிவிடும். சிக்கல் அடுத்த நொடியில் தொடங்குகிறது. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மின்கடத்தாப் படலமாக மின்முனைமேலேயே படிந்துவிடுகின்றன. அதே நீரை மறுபடி அளந்தால் மின்னோட்டம் குறைகிறது. பீனால் குறையவில்லை, கருவிதான் மழுங்கிவிட்டது.

ஆய்வகத்தில் வழக்கமான, கண்ணாடிபோல் இறுகிய கார்பனாலான மின்முனையை ஒவ்வொரு முறையும் தேய்த்து மெருகேற்றலாம். நெகிழும் பட்டையில் அந்தத் தொல்லை இல்லை, ஒருமுறை அளந்ததும் கழற்றிப் போட்டுவிடலாம். வளைவது கண்ணுக்கு அழகு. என்னைக் கேட்டால், மலிவாகச் செய்ய முடிவதுதான் இதன் உண்மையான பலம். பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் தாளில் லேசரை ஓட்டினால், பட்ட கோடு கருகி, நுண்துளைகள் நிறைந்த, மின்சாரம் கடத்தும் கார்பனான கிராஃபீனாகிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட வழி இது. மையும் வேண்டாம், அச்சும் வேண்டாம்.

அதன்மேல் டைரோசினேஸ் நொதியைப் பூசுவோரும் உண்டு. வெட்டிய காளானைக் கறுக்கவைக்கும் அதே நொதிதான். அது பீனாலைக் குயினோன் என்ற வேறு சேர்மமாக மாற்றித் தருவதால், சுழியத்தை ஒட்டிய மின்னழுத்தத்திலேயே அளந்துவிடலாம். நீரிலுள்ள பிற பொருள்களின் குறுக்கீடும் வெகுவாகக் குறையும். வெப்பம்தான் அதற்கு ஆகாது.

இத்தகைய பட்டையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் நான் வளைத்துக் காட்டும் படத்தைப் பார்ப்பதில்லை. ஆற்று நீரில் அளந்த அட்டவணையைத் தேடுகிறேன். தூய கரைசலில் துல்லியமாக அளக்கும் பட்டை, மட்கிய இலைச்சாறும் உப்பும் கலந்த நீரில் தடுமாறலாம். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கப் பட்டையில் வைக்கும், வெள்ளி குளோரைடு பூசிய ஒப்பீட்டு மின்முனையோ, நீரின் குளோரைடு அளவு மாறினாலே நிலை பிறழும். ஆகவே இப்போதைக்கு, எந்தக் குப்பி நீரை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று களத்திலேயே பிரித்தெடுக்க இந்தப் பட்டையை நம்பலாம். ஆலைமீது வழக்குத் தொடுக்க ஆய்வகச் சான்றுதான் வேண்டும்.