ஒரு கிலோ பிச்சிப்பூ, 106 கோடி

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குப் பாயிண்டர் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், ஒலிப்பதிவுக்கு வந்த நண்பர், "படம் வரையாமல் அது எப்படிப் புரியும்?" என்று கேட்டார். புரியும். தோவாளைச் சந்தையில் ஒருமுறையாவது பூ வாங்கியவர்களுக்கு நன்றாகவே புரியும்.

பாயிண்டர் என்பது விலாசம் எழுதிய துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இன்ன இடம் என்று சொல்லும். அங்கே குடியிருப்பது யார் என்று சொல்லாது. இதை இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சி என்ற நிரல் மொழியில் எழுதுகிறவர்கள் இந்தச் சீட்டோடுதான் நாள் முழுக்கப் புழங்குகிறார்கள். பைத்தான் மாதிரியான ஸ்கிரிப்ட் மொழிகளில் சீட்டு நம் கைக்கு வருவதே இல்லை; மொழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் தராசு, பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்கு உற்பத்தியாளர்கள் தரும் லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, பெரும்பாலும் சி மொழிக்கானது. இரண்டுக்கும் நடுவே பாலமாக, 2006-இல் வந்த பைத்தான் 2.5 முதல் சிடைப்ஸ் என்ற பகுதி பைத்தானோடு கூடவே வருகிறது.

தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்காக, மின்னணுத் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ரசீது அடிக்கும் ஒரு சிறிய நிரலை எழுதினேன். தராசு லைப்ரரியைக் கூப்பிட்டால் எடை இருக்கும் இடத்தின் விலாசத்தைத் தரும். அங்கே இருப்பது முழு எண் என்று நானாக நினைத்துக்கொண்டு, அப்படியே வகை மாற்றிப் படித்தேன். அண்ணாச்சி ஒரு கிலோ பிச்சிப்பூவைத் தட்டில் வைத்தார். தராசில் 1.000. என் திரையில் 106 கோடியே 53 லட்சத்து 53 ஆயிரத்து 216.

"மக்களே, இது கிலோவா ரூபாயா?" என்றார்.

இரண்டு கிலோ வைத்துப் பார்த்தோம். இரு மடங்கு ஆகும் என்று எதிர்பார்த்தால், 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824. அரைக் கிலோவுக்கு 105 கோடியே சொச்சம். பூவை எடுத்துவிட்டால் சுத்தமாகப் பூஜ்யம். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கண்டபடி உளறுகிற எண் இல்லை இது; ஒழுங்காகத் தப்பாக வருகிறது. தராசு எடையைத் தசம எண்ணாக 4 பைட்டில், அதாவது நினைவகத்தின் நான்கு சிறு அறைகளில், எழுதி வைத்திருந்தது. அந்த முறையில் எண்ணின் அளவுக்கும் இலக்கங்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. நான் அதே 4 பைட்டை ஒரே முழு எண்ணாக வாசித்திருக்கிறேன். பைத்தானில் 1.0 என்பதை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 1 என்று மாற்றித்தரும். பாயிண்டரின் வகையை மாற்றும்போது மதிப்பில் எதுவும் மாறாது, நாம் போட்டிருக்கும் கண்ணாடிதான் மாறும். தசம எண் என்று ஒரு வார்த்தையைத் திருத்தினேன். பூ ஒரு கிலோவுக்கு இறங்கி வந்தது. மறுபடியும் சொல்கிறேன்: சீட்டில் விலாசம்தான் உண்டு, குடியிருப்பவர் பெயர் கிடையாது.

பிறகு அண்ணாச்சி புதிய 64 பிட் கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கேற்ற லைப்ரரியையும் போட்டோம். நிரல் சில நாள் ஓடும், சில நாள் ஒரு வார்த்தை சொல்லாமல் படுத்துவிடும். பிழைச் செய்திகூட வராது. பைத்தானே செத்துப் போகும்போது யார் வந்து சொல்வது? குற்றம் என்னுடையதுதான். ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, என்ன வகையைத் திருப்பித் தரும் என்று நாம் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதைச் சாதாரண முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது 4 பைட். பழைய 32 பிட் கம்ப்யூட்டரில் விலாசமும் 4 பைட்தான், அதனால் பிழைத்தேன். புதியதில் விலாசம் 8 பைட், முன்பாதி வெட்டுப்பட்டுவிட்டது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பின்கோடுகள் எல்லாம் 629 என்று தொடங்கும். அந்த மூன்று இலக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுத்தால், மாவட்டத்துக்குள்ளே இருப்பவர் எப்படியோ ஊகித்துவிடுவார். சென்னையில் இருப்பவர் என்ன செய்வார்? அதே கதைதான். முன்பாதி பூஜ்யமாக அமைந்த நாளில் நிரல் ஓடியது; மற்ற நாட்களில் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியது. அன்றிலிருந்து என்ன வகை போகிறது, என்ன வகை வருகிறது என்ற இரண்டையும் எழுதாமல் எந்த ஃபங்ஷனையும் நான் கூப்பிடுவதில்லை. என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடியப் போகிறது என்று ஒரு விரலைக் காட்டுகிறார்கள். நினைவகத்தை யார் விடுவிப்பது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எடை மாறும்போது தராசே நம்மைக் கூப்பிடட்டும் என்று நம்முடைய ஃபங்ஷன் ஒன்றின் விலாசத்தை அதனிடம் கொடுப்பது உண்டு. அதை நம் பக்கத்தில் பெயர் வைத்த ஒரு மாறியில் பிடித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் யாருக்கும் வேண்டாத பொருள் என்று பைத்தான் அதை அப்புறப்படுத்திவிடும்; தராசின் கையில் இடித்த வீட்டின் விலாசம் மிஞ்சும். அண்ணாச்சி கடையில் அது நடந்தது ஓணத்துக்கு முந்தின நாள், கேரளத்து வண்டிகள் வரிசையாக நிற்கும்போது. அந்தக் கதைக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.