கயிற்றை வெட்டிக் காட்டுங்கள்

நடுவர் அவர்களுக்கும், என் அணியினருக்கும், பொங்கல் விருந்தை உண்ட பிறகும் கண் விழித்து அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நின்ற இடத்திலிருந்து நேர் மேலே எழும்பி, ஒரே ஒரு ஆளைச் சுமந்துகொண்டு, கூரையும் கதவும் இல்லாமல் பறக்கும் சின்ன ஊர்திகள் வந்துவிட்டன. பொதுமக்கள் அவற்றில் துணிந்து ஏறுவார்களா, மாட்டார்களா என்பதுதான் இன்றைய வழக்கு. ஏறமாட்டார்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஜெட்சன் ஒன் என்ற ஊர்தியைப் பற்றி நாவில் நீர் ஊறப் பேசினார். எட்டு மோட்டார்கள், மணிக்கு 102 கிலோமீட்டர் வேகம், முன்பணம் கட்டிக் காத்திருக்கும் கூட்டம். எல்லாம் உண்மைதான். அவர் சொல்லாமல் விட்ட இரண்டை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். அது பறப்பது சுமார் 20 நிமிடம். ஓட்டுபவர் 95 கிலோவுக்குள் இருக்க வேண்டும். முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறேன் என்று யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

"பைலட் உரிமம்கூடத் தேவையில்லை" என்று அவர் சொன்னபோது நீங்கள் கைதட்டினீர்கள். ஏன் தேவையில்லை? நாம் வாழும் இந்த அமெரிக்காவின் விமானத் துறை 1982-இல் போட்ட 103-ஆம் விதி அப்படி. வெற்று எடை 254 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், ஒருவர்தான் ஏற வேண்டும், பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் மட்டுமே பறக்க வேண்டும், பகலில்தான் பறக்க வேண்டும், ஜன நெருக்கமுள்ள இடத்தின் மேல் பறக்கவே கூடாது. அலுவலகம் போக முடியாது. மாமியாரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் போக முடியாது. இத்தனைக்கும் உட்பட்டால் அரசு உங்களிடம் உரிமமும் கேட்காது, ஊர்திக்குத் தகுதிச் சான்றும் கேட்காது. இதை நீங்கள் சலுகை என்கிறீர்கள். எனக்கு இது "உன் உயிர், உன் பாடு" என்று எழுதிக்கொடுத்ததைப் போல இருக்கிறது.

நடுவர் அவர்களே, விஸ்கான்சினில் ஆஷ்கோஷ் என்று ஓர் ஊர். ஆண்டுதோறும் ஜூலையில் அங்கே விமானத் திருவிழா நடக்கும். ஒரு முறை நாங்களும் போனோம். புல்வெளியில் கயிறு கட்டி, இப்படிப்பட்ட திறந்த ஊர்தி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். வரிசை நீண்டு கிடந்தது. என் வீட்டுக்காரர் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, ஏறி, வாரைப் போட்டுக்கொண்டார். கால் வைக்கும் கம்பிக்குக் கீழே புல் தெரிந்தது. ஓர் எறும்பு போனதுகூடத் தெரிந்தது. எட்டுப் படம் எடுத்தேன். காவலுக்கு நின்ற இளைஞர், "பறக்கப் பதிவு செய்துகொள்கிறீர்களா?" என்று கேட்டார். இவர் ஒரு கணம் கீழே அந்தப் புல்லைப் பார்த்தார். "உட்கார நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஊர்தி தரையில்தான் நின்றுகொண்டிருந்தது, ஐயா!

எதிரணியினர் எண்ணுவதெல்லாம் அந்த வரிசையை. இறங்கும்போது பிடித்த கையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தக் கைதட்டலுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1961 ஏப்ரலில் பெல் நிறுவனத்தின் ராக்கெட் பட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஹரால்டு கிரஹாம் 13 விநாடி பறந்தார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பில் சூட்டர் அதே வகைப் பட்டையோடு அரங்கத்துக்குள் பறந்து வந்து இறங்கியதை உலகமே வாய் பிளந்து பார்த்தது. பார்த்தவர்களில் யாரும் மறுநாள் கடைக்கு ஓடவில்லை. நான் சொன்ன அதே ஆஷ்கோஷில் 2008-இல் முதுகில் மாட்டிக்கொண்டு பறக்கும் நியூசிலாந்தின் மார்ட்டின் ஜெட்பேக் அறிமுகமானது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம், 45 விநாடி. நம் வீட்டில் பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குகிற மாதிரிதான். 2019-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. கூகுளை நிறுவியவர்களில் ஒருவரான லாரி பேஜின் பணத்தில் நடந்த கிட்டி ஹாக் நிறுவனம், ஃபிளையர் என்ற திறந்த ஊர்தியை ஆளோடும் ஆளில்லாமலும் 25,000 தடவைக்கு மேல் பறக்கவிட்டது. அதுவும் தண்ணீருக்கு மேல், மூன்று மீட்டர் உயரத்தில். 2020-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். பணத்துக்கா பஞ்சம்? பொறியாளருக்கா பஞ்சம்?

2019-இல் பிரான்சின் ஃபிராங்கி சபாட்டா பறக்கும் ஜெட் பலகை மேல் நின்றபடி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கவில்லையா என்று எதிரணியினர் கேட்டார்கள். கடந்தார், 22 நிமிடத்தில். அதற்குப் பத்து நாள் முன்பு எரிபொருள் நிரப்பப் படகில் இறங்கும்போது கடலில் விழுந்தார் என்பதையும் சொல்லியிருக்கலாம். அவர் தண்ணீர் மேல் பாயும் ஜெட் ஸ்கீ ஊர்திப் பந்தயத்தில் உலக சாம்பியன். நாம் பேசுவது மக்களைப் பற்றி.

"அந்தக் காலத்தில் விமானத்துக்கும் பயந்தார்களே" என்பது அடுத்த வாதம். ஆமாம், ரைட் சகோதரர்களின் விமானமும் திறந்ததுதான், இறக்கை மேல் குப்புறப் படுத்துத்தான் ஓட்டினார்கள். ஆனால் சாதாரணக் குடும்பங்கள் எப்போது விமானம் ஏறின? கதவு வைத்து, கூரை வேய்ந்து, சீருடை போட்ட ஒருவர் முன்னால் உட்கார்ந்த பிறகு.

என் வழக்கின் உயிர் லிஃப்டில் இருக்கிறது. லிஃப்டுக்கும் ஒரு காலத்தில் மக்கள் பயந்தார்கள். கயிறு அறுந்தால் என்ன ஆவது? 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் மேடையோடு உயரே போய் நின்றுகொண்டு, எல்லார் கண் முன்னாலும் கயிற்றை வெட்டச் சொன்னார். அவர் கண்டுபிடித்த தடுப்பு பிடித்துக்கொள்ள, மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. மூன்றே ஆண்டில் நியூயார்க் கடை ஒன்றில் ஆட்களை ஏற்றும் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. லிஃப்ட் மேலே போகிறது என்பது ஜனங்களுக்கு முன்பே தெரியும். கெட்டுப்போனாலும் விழாது என்பதைத்தான் அவர்கள் பார்க்கக் காத்திருந்தார்கள்.

இந்தப் பறக்கும் ஊர்திக்காரர்கள் எதைக் காட்டுகிறார்கள்? பறப்பதைக் காட்டுகிறார்கள். ஒரு மோட்டார் நின்றாலும் சமாளிக்கும் என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். பேட்டரி மின்சாரமே போனால்? ஹெலிகாப்டர் கீழே வருகிற வேகத்திலேயே விசிறியைச் சுழலவைத்துத் தடுமாறியாவது இறங்கும். இந்தச் சின்ன விசிறிகளால் அது முடியாது. இறக்கை இல்லாததால் மிதந்து இறங்கவும் வழியில்லை. பாராசூட் இருக்கிறது என்பீர்கள். அது விரிய உயரம் வேண்டும். விளையாடப் பறப்பவர்கள் தாழத்தான் பறப்பார்கள். மூன்றாவது மாடி உயரத்தை நினைத்துப் பாருங்கள். குதிப்பதற்கு அதிகம், பாராசூட்டுக்குக் குறைவு. அங்கே வைத்துக் கயிற்றை வெட்டிக் காட்டுங்கள், என் கட்சியை நானே மாற்றிக்கொள்கிறேன்.

கடைசியாக, ஸ்கூட்டர். "சென்னையில் நாலு பேர் ஒரே ஸ்கூட்டரில், தலைக்கவசம்கூட இல்லாமல் போகிறோமே, நமக்கா பயம்?" என்றார் எதிரணி நண்பர். நல்ல கேள்வி. என் அப்பா நாற்பது வருடம் ஸ்கூட்டர் ஓட்டினார். மாடு குறுக்கே வந்தாலும், பள்ளம் வந்தாலும், பெட்ரோல் தீர்ந்தாலும் அவர் செய்தது ஒன்றுதான். இடது காலை ஊன்றுவார். செருப்பின் இடது அடிதான் முதலில் தேயும். நம் துணிச்சல் முழுவதும் அந்த ஊன்றுகிற காலில்தான் இருந்தது. இந்த ஊர்தியில் காலை எங்கே ஊன்றுவது?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இறங்கிவிடுகிறேன். நல்லவேளை, இந்த மேடைக்குப் படி வைத்திருக்கிறீர்கள்.