கேம்பிலிருந்து வந்த ஆந்தை

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வீடியோ வரவில்லையே என்று கேட்டவர்களுக்கு நன்றி. கேட்காதவர்களுக்கும் நன்றி, நிம்மதியாக இருந்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் பெற்றவர்களுக்கு லீவு கிடையாது, விஷயம் அவ்வளவுதான்.

இதோ, என் கையில் இருப்பது ஓர் ஆந்தை. கிட்டக் காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகட்டும்... சரி. பேப்பர் தட்டில் செய்தது. இறகுகள் வரிசை பிசகவில்லை, மூக்கு நறுக்கென்று இருக்கிறது, ஒரு சொட்டுப் பசை வெளியே வழியவில்லை. கிராஃப்ட் கேம்பில் முதல் நாள் என் மகள் செய்தது என்று கொடுத்து அனுப்பினார்கள். அவளுக்கு ஏழு வயது. எனக்கு ஒரே பெருமை. "எப்படிம்மா இவ்வளவு அழகா வெட்டினே?" என்று கேட்டேன். "நான் வெட்டலப்பா, மிஸ் வெட்டினாங்க. நான் கண்ணு ஒட்டினேன். ஒரு கண்ணு" என்றாள்.

மூன்று மணி நேரத்தில் ஒரு கண். நன்றாகப் பார்த்தால் இந்த இடது கண் கொஞ்சம் சரிந்திருக்கும். அதுதான் அவளுடையது.

மறுநாள் போய்ப் பார்க்கிறேன், சுவரில் 18 ஆந்தைகள், அச்சில் வார்த்த மாதிரி. கீழே பெயர் எழுதியிருக்காவிட்டால் எது யாருடையது என்று பெற்றவர்களுக்கே தெரியாது. அங்கிருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். "அவளுக்கு வெட்ட வரல சார், அதனால நாங்களே வெட்டிக் கொடுத்துட்டோம்" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உண்மையில் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டில் அவள் நன்றாக வெட்டுவாள். அவள் நொட்டாங்கை. அங்கே இருந்ததெல்லாம் வலக்கைக் கத்தரிக்கோல்.

இதைக் காட்டினால்தான் புரியும். சாதாரணக் கத்தரிக்கோலைப் பிடித்துப் பாருங்கள், மேலே வருவது வலதுபக்க அலகு. வலக்கையால் வெட்டும்போது கோடு கண்ணுக்குத் தெரியும். அதையே இடக்கைக்கு மாற்றுகிறேன்... பார்த்தீர்களா, அலகு கோட்டை மறைத்துவிட்டது. போதாததற்கு, இடக்கை விரல்கள் அழுத்துகிற விதத்தில் இரண்டு அலகும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகிறது. காகிதம் வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போகிறது. இதற்குத்தான் அலகே மாற்றி வைத்த இடக்கைக் கத்தரிக்கோல் விற்கிறார்கள். சில கத்தரிக்கோலில் 'இரு கைக்கும்' என்று போட்டிருப்பார்கள், பெரும்பாலும் பிடி மட்டும்தான் பொது, அலகு அதே வலக்கை அலகு. பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். 18 பிள்ளைகள் வரும் இடத்தில் இரண்டு இடக்கைக் கத்தரிக்கோல் வைக்க என்ன கஷ்டம்?

அந்த 18 பேரையும் பார்த்துக்கொள்ள இருந்தது இரண்டே பெரியவர்கள். பிரிட்டனில் குழந்தைகள் பாதுகாப்புக்காக வேலை செய்யும் என்எஸ்பிசிசி என்ற அமைப்பு ஒரு கணக்குப் பரிந்துரைக்கிறது: 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை எட்டுப் பேருக்கு ஒருவர். அதன்படி இங்கே மூன்று பேராவது வேண்டும். ஒரு பிள்ளையைப் பாத்ரூம் அழைத்துப் போக ஒருவர் எழுந்தால், கத்தரிக்கோலும் பசையுமாக இருக்கும் 17 பேரிடம் மிஞ்சுவது ஒரே ஆள். அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் 'கொடு, நானே வெட்டுகிறேன்' என்றுதான் சொல்வார்கள். ஆந்தை அழகாக இருந்ததற்குக் காரணம் ஆள் பற்றாக்குறை!

இன்னொன்று. தினமும் ஒருவருக்கு 'இன்றைய சிறந்த கலைஞர்' ஸ்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டில் வரைய உட்கார்ந்தவள், "இதுக்கு ஸ்டார் உண்டாப்பா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 51 சின்னப் பிள்ளைகள். சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்துச் சும்மா விளையாடும் நேரத்தில் பார்த்தால், பரிசு உண்டு என்று சொல்லி வரைய வைத்த பிள்ளைகள்தான் பேனாவைக் குறைவாகத் தொட்டார்கள்.

ஆனால் ஸ்டாருக்காக நான் கேம்பை மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை அட்டவணையில் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கை அச்சு' என்று இருந்தது. பிளாஸ்டரில் தண்ணீர் சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும், மொத்தையாக இருந்தால் 60 டிகிரி வரை போகும். உள்ளே மாட்டிக்கொண்ட கையை வெளியே எடுக்கவும் முடியாது. 2007-இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் சிற்ப வேலைக்காகப் பிளாஸ்டர் வாளிக்குள் கையை வைத்த 16 வயதுப் பெண் விரல்களைப் பெரும்பாலும் இழந்தாள். கை அச்சு எடுக்கக் களிமண் போதும். முழுக்கையும் வேண்டுமென்றால் பல் டாக்டர்கள் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் இருக்கிறது, அது சுடாது. நடத்துபவரிடம் இதைச் சொன்னேன். "இயற்கையான பொடிதான் சார், பயப்படாதீங்க" என்றார். இயற்கைதான், யார் இல்லை என்றது! பாக்கெட்டில் எழுதியிருந்த எச்சரிக்கையை அவர் படித்திருக்கவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

இதே மாதிரி இன்னும் இரண்டைக் கேட்டு வையுங்கள். மினுக்கும் விளக்கு செய்கிறோம் என்றால், பட்டன் பேட்டரி எங்கே இருக்கும், அந்த மூடி ஸ்க்ரூ போட்டதா என்று கேளுங்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். தண்ணீரில் ஊதிப் பெருக்கும் அந்தக் கலர் மணிகளும் அப்படித்தான், வயிற்றுக்குள்ளேயும் ஊதும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

சரி, இப்போது போகும் இடத்துக்கு வருகிறேன். சேர்க்கப் போன அன்று அங்கிருந்த அம்மா ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கையால எழுதுவா?" எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அப்புறம் அலர்ஜி, கூப்பிட யார் வருவார்கள், அழுதால் பக்கத்தில் ஆள் இருப்பது பிடிக்குமா, தனியாக விட்டால் பிடிக்குமா. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, வீட்டில் போன் போட்டுக் கேட்டேன்.

முதல் நாள் அழைக்கப் போனபோது 'நல்லா இருந்தா சார்' என்று ஒற்றை வரியில் அனுப்பவில்லை. "மணி கோக்கும்போது நூல் அறுந்து எல்லாம் கொட்டிடுச்சு. அழுதா. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தா. நாங்க பொறுக்கல, அப்படியே விட்டுட்டோம். அப்புறம் அவளே வந்து பொறுக்கினா, கூட இன்னொரு பையனும் பொறுக்கினான்" என்றார். இருபது பேரில் என் பிள்ளையின் ஒரு அழுகையை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருவர் கவனித்திருக்கிறார். எனக்கு அது போதும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. தினமும் கால் மணி நேரம் தாமதம்தான். பெயின்ட் கழுவும் தொட்டியைப் பார்த்தால் நமக்குக் கை பரபரக்கும். இரண்டு சட்டை இனி வீட்டில் மட்டும்தான்.

அங்கே செய்தது இது. ஒரு பெட்டி. எந்தப் பக்கத்திலிருந்து காட்டினாலும் கோணலாகத்தான் தெரியும், என் கேமரா கோளாறு இல்லை. பசை காய்ந்து கட்டியாக நிற்கிறது, தொட்டால் கையெல்லாம் ஜிகினா. நாலு பக்கமும் அவளே வெட்டியது. மூடி மட்டும் சரியாக மூடாது. ஏன் என்று கேட்டேன், "உள்ள இருக்கறதுக்குக் காத்து வேணும்ல" என்றாள். உள்ளே என்ன என்று காட்ட எனக்கு அனுமதி கிடையாது, வெளிப்பக்கம் மட்டும் காட்டலாம் என்று பேச்சு. மாடிப்படியில் சத்தம் கேட்கிறது, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.