அரூப ஓவியம்: கீறுவது பாதி, சுரண்டுவது மீதி

[காட்சி: யாழ்ப்பாணம் பண்ணைப் பாலம், பின்னேரம். நீரேரி மட்டமாகக் கிடக்கிறது.]

வள்ளம், சிறகுவலைத் தடிகள், தூரத்தில் மண்டைதீவு. இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இந்தக் காட்சியில் என்ன மிஞ்சும்? கீழே ஒடுங்கிய ஒரு இருட்டு, அதற்கு மேலே பெரிய வெளிச்சம். அரூப ஓவியம் அந்த மிச்சத்தில்தான் தொடங்குகிறது. "கைக்கு வந்தபடி பூசுவது" என்பவர்கள் இந்தக் கழித்தலைப் பார்த்திருக்க மாட்டார்கள். டச்சு ஓவியர் மொன்றியான் மரத்தையே திரும்பத் திரும்பக் கீறினார். 1912 அளவில் கிளைகள் போய், வளைகோடுகள் மட்டும் நின்றன.

[காட்சி: குறிப்புக் கொப்பி, சிறு பெட்டிகள்.]

கொப்பியில் 5 க்கு 7 சென்ரிமீற்றரில் பத்துப் பெட்டிகள் போடுங்கள். பெட்டிக்கு 2 நிமிடம். முதல் மூன்றிலும் வள்ளம் வந்தே தீரும், வரட்டும். பிறகு கைக்கு அலுத்து, அளவுகள் மட்டும் நிற்கும். போன் படத்தைப் பார்த்துக் கீற வேண்டாம். அது இருட்டையும் வெளிச்சத்தையும் தன்பாட்டில் சமப்படுத்திவிடும்.

[காட்சி: கன்வஸ், றோலர், தகடு.]

கன்வஸுக்கு ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தரம், இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக. காய்ந்ததும் அக்ரிலிக் வர்ணத்தில் அடிநிறம்: காவி மஞ்சளோடு சுட்ட சியன்னா என்ற செங்கபிலம், கிட்டத்தட்ட வலிகாமத்துச் செம்மண். அது நன்றாகக் காய வேண்டும். அதன்மேல் அல்ட்ராமரின் நீலமும் வெள்ளையும் கலந்து றோலரால் மெல்லிசாக உருட்டுங்கள். ஈரம் போகுமுன், சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் ஒரே இழுவையில் சுரண்டுங்கள். நீலத்துக்குள்ளால் செம்மண் எட்டிப்பார்க்கும். பிரஷ்ஷால் அந்த ஓரம் வராது.

பிழைப்பது நேரத்தில்தான். அக்ரிலிக் தண்ணீர் ஆவியாகிக் காய்வது. சோளகம் அடிக்கும் நாளில் யன்னலைத் திறந்துவைத்தால், தகட்டை எடுக்குமுன்னே இறுகிவிடும். யன்னலைச் சாத்தி, ஸ்பிறே போத்தலால் லேசாகத் தண்ணீர் தூவுங்கள். நிறைய ஊற்றினால் நிறத்தூளைப் பிடித்துவைக்கும் பிணைபசை ஐதாகி, நிறம் பொடியாக உதிரும். இன்னொன்று: ஈரத்தில் அந்தப் பசை பால்வெள்ளை, காய்ந்தால் கண்ணாடி. ஆகவே நிறம் காய்ந்தபின் ஒரு படி இருளும். முதலில் ஒரு துண்டில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள்.

எண்ணெய் வர்ணம் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இறுகுவது, நாட்கணக்காகும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் பூசலாம், எண்ணெயின் மேல் அக்ரிலிக் உரிந்துவிடும். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, கூடியது மேலே. மாறினால் பூச்சில் வெடிப்பு விழும்.

நீலமும் செம்மஞ்சளும் ஈரத்தில் கலந்தால் சாம்பல். தெரிந்தே செய்தால் நல்ல சாம்பல், தற்செயலாக வந்தால் சேறு.

[காட்சி: சுவரில் ஓவியம், தலைகீழாக.]

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? தலைகீழாக வைத்து, மூன்று மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பகுதியைக் கடதாசியால் மறையுங்கள். படம் இன்னும் வடிவாக நின்றால் அந்தப் பகுதி வேண்டாதது. நாக்பூரில் பிறந்த இந்திய ஓவியர் கைத்தோண்டே (1924–2001) றோலரும் தகடுமாக, வருடத்துக்கு மிகச் சில ஓவியங்களே செய்தார். தன் வேலையை "அரூபம்" என்றழைப்பதையும் விரும்பவில்லை. உருப்பொருள் இல்லாதது என்றார். இரண்டும் ஒன்றல்ல: பண்ணையிலிருந்து கழித்துவந்தால் அரூபம், கழிக்க எதுவுமே இல்லாமல் நிறத்திலிருந்தே தொடங்கினால் மற்றது.

மாரியில் கன்வஸைச் சுவரோடு ஒட்டிச் சாத்த வேண்டாம், பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். ஈரக்காற்றில் வார்னிஷும் மங்கி வெண்மூட்டம் படியும். தை வெயில் வரும்வரை வார்னிஷ் போத்தலைத் திறக்காதீர்கள்.