மூலையில் ஒரு புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகத்துக்குள் சினிமா என்றதும் ஆடிட்டோரியத்தில் திரை கட்டி வருஷத்துக்கு ரெண்டு படம் போடுவதுதான் நமக்கு ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது வேறு மாதிரி இடம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக் ஃபிலிம்ஸ் என்று மாணவர்கள் நடத்தும் திரைப்படச் சங்கம் இருக்கிறது. வகுப்பு நடக்கும் மாதங்களில் கிட்டத்தட்ட தினமும் படம். வேலை செய்பவர்கள் எல்லோருமே தன்னார்வலர்கள்.

1940-ல் ஆவணப்படம், அதாவது டாக்குமெண்டரி, காட்டும் குழுவாகத் தொடங்கியதால் அந்தப் பெயர். வெறும் ஆவணப்படத்துக்கு எத்தனை நாள் கூட்டம் வரும்? கதைப்படமும் உள்ளே வந்துவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. தியேட்டர் இருப்பது ஐடா நோய்ஸ் ஹால் என்ற கட்டடத்தில். 1916-ல் மாணவிகளுக்காகக் கட்டியது, வெளியே இருந்து பார்த்தால் உள்ளே சினிமா ஓடுகிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

என் அண்ணன் மகள் அங்கே கணிதம் படித்தாள், சாயங்காலம் ஆனால் ஆபரேட்டர். ஒருநாள் கேபினுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். 35 எம்எம் புரொஜெக்டர் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒரு ரீல் சுமார் இருபது நிமிடம் ஓடும், அது முடிகிற நேரத்தில் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றி மறையும், கண் சிமிட்டினால் போச்சு. உடனே அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடியில் இன்னொரு புள்ளி, அப்போது மாற்ற வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியக்கூடாது. நம்மூர் ஆபரேட்டர்கள் பீடியைப் பிடித்துக்கொண்டே செய்த வேலைதான்!

“எல்லா ரீலையும் ஒட்டி ஒரே தட்டில் ஓட்டிவிட்டால் என்ன?” என்று கேட்டேன். “ஒட்டணும்னா முனையை வெட்டணும் சித்தப்பா. ஆவணக்காப்பகத்து பிரிண்டை வெட்ட விடுவாங்களா?” என்றாள். பழைய, அரிய பிரிண்டுகளைக் காப்பகங்கள் பொதுவாக இப்படி இரண்டு புரொஜெக்டர் வைத்து, ரீல் ரீலாக ஓட்டுகிற இடத்துக்குத்தான் அனுப்பும். மெனக்கெடத் தயாராக இருப்பவருக்குத்தான் அந்தப் படம் கிடைக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது படம் தேர்ந்தெடுக்கும் விதம். வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு தொடர். ஒரு கிழமை ஒரே இயக்குநர், இன்னொரு கிழமை ஒரு நாடு, இப்படி அந்தப் பருவம் முழுக்க. பேராசிரியர் யாரும் பட்டியல் தருவதில்லை. யாருக்கு எது பைத்தியமோ அவர் தொடரை எழுதிக்கொண்டு வந்து, மற்ற தன்னார்வலர்களோடு வாதாடி வாங்கிக்கொள்ள வேண்டும். ஃபிலிம் சொசைட்டிக் கூட்டங்களில் தலைவர் சொன்னதைப் பார்த்துவிட்டு வந்த ஆள் நான், அதனால் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அன்று ஓடியது அவள் வாதாடி வாங்கிய பழைய ஜப்பானியப் படம். இரண்டாவது புள்ளி வரும் நேரம், நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். “இப்ப பேசாதீங்க சித்தப்பா” என்று கையைக் காட்டினாள். ரீல் மாறியது, எனக்கே தெரியவில்லை. அப்புறம் கேபின் ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள், உதடு அசைய எண்ணினாள்.

“பதினோரு பேர்” என்றாள். “போன வாரம் எட்டு.”