ஆவாரம்பட்டையும் அம்யூனிஷன் பூட்ஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் ராணுவம் தன் காலாட்படை வீரர்களுக்கு வழங்கிய கனத்த காலணிக்கு 'அம்யூனிஷன் பூட்ஸ்' என்று பெயர். அம்யூனிஷன் என்றால் தோட்டா, குண்டு முதலிய வெடிபொருள் என்றுதான் நாம் அறிவோம். ஆனால் காலணியும் அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டது. அந்தப் பெயர் பொருத்தமானது என்பதே என் எண்ணம். பாசறையிலிருந்து போர்முனைக்கு நடந்தே போக வேண்டிய படைக்குக் காலணி இல்லையென்றால், கையில் இருக்கும் துப்பாக்கியால் பயனில்லை. முதல் உலகப் போரின்போது அந்தப் பூட்ஸின் மேற்பகுதிக்கு வேண்டிய தோலில் பெரும்பங்கு சென்னை ராஜதானியிலிருந்து, அதாவது அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து, கப்பல் ஏறிப் போயிற்று. வட ஆற்காட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் 'தோல் ஷாப்பு' என்று நாங்கள் சொல்லும் பதனிடும் கூடங்களும் அந்தத் தோலைப் பதனிட்டன. அங்கே உழைத்தவர்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் பேரணாம்பட்டில் பிறந்தவன். எங்கள் ஊருக்கு மேற்கே மலைப்பாதை ஏறினால் பத்தலபல்லி. அதைத் தாண்டினால் ஆந்திரத்தின் வி.கோட்டா. இன்று அங்கே மாநில எல்லைச் சோதனைச் சாவடி இருக்கிறது. போர் நடந்த காலத்தில் இரு பக்கமும் ஒரே ராஜதானிக்குள் இருந்தன. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தாலும், மலையடிவாரத்து மக்கள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசிக்கொண்டு, மேலும் கீழும் தடையின்றிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்த மலையடிவாரத்துக் கரம்புகளில் ஆவாரஞ்செடி தானாக வளர்ந்து கிடந்தது. அதன் பட்டையில்தான் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புச் சத்து இருக்கிறது.

தோல் ஷாப்பில் நடந்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உப்பிட்டு உலர்ந்து வரும் பச்சைத்தோலை முதலில் தண்ணீரில் ஊறவைத்து மென்மையாக்குவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் பல நாள் போட்டு வைப்பார்கள். மயிர்க்கால் தளர்ந்தபின், சாய்ந்த மரத்தின்மேல் தோலை விரித்து, இரு கைப்பிடி உள்ள வளைந்த கத்தியால் ஒரு பக்கம் மயிரையும் மறுபக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் சீவி எடுப்பார்கள். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் தோலில் வெட்டு விழும். வெட்டு விழுந்த தோலின் தரம் குறையும். சுண்ணாம்பு நீங்கக் கழுவியபின், ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றில், முதலில் மெல்லிய சாறு, பிறகு கெட்டிச் சாறு என்று தோலை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி நின்று தோலைப் புரட்டினார்கள். கடைசியில் கடுக்காய்ச் சாறு, பிறகு எண்ணெய், பிறகு நிழலில் உலர்த்தல். இத்தனை வேலையும் கையாலும் காலாலும் நடந்தது. சுண்ணாம்பு விரலிடுக்குகளைத் தின்றது. நோயுற்று இறந்த மாட்டின் தோலிலிருந்து அடைப்பான் நோய் தொற்றும் அபாயம் இந்தத் தொழிலில் எப்போதும் உண்டு.

இவ்வாறு பதனிட்ட மாட்டுத்தோலை வணிகர்கள் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று அழைத்தார்கள். மாட்டுவண்டியில் ரயிலடிக்குப் போய், அங்கிருந்து சென்னைப் பெரியமேட்டுக் கிடங்குகளில் தரம் பிரிக்கப்பட்டு, அது இங்கிலாந்துக்குப் போனது. நார்தாம்டன் போன்ற ஊர்களில் அங்கத்திய தொழிலாளர்கள் அதற்கு இறுதி மெருகேற்றிப் பூட்ஸ் தைத்தார்கள்.

போருக்கு முன் கல்கத்தாவிலிருந்து ஏற்றுமதியான பச்சைத்தோலில் பெரும்பகுதி ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போய்க்கொண்டிருந்தது. 1914 ஆகஸ்டில் அந்தச் சந்தை அடைபட்டது. மறுமாதமே, செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்தது. 1916 முதல் பதனிட்ட மாட்டுத்தோலைப் படைத் தேவைக்காக அரசே வாங்கத் தொடங்கியது. 1917-இல் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் இந்திய மியூனிஷன்ஸ் போர்டு, அதாவது போர்த்தளவாட வாரியம், அமைந்தபோது, அதன் பொறுப்பில் வந்த பொருள்களுள் தோலும் ஒன்று. ஆக, பேரணாம்பட்டுத் தொட்டியில் ஊறிய தோல், அரசின் கணக்குப்படி போர்த்தளவாடம்.

தோல் போர்த்தளவாடம் என்றால், அதைப் பதனிட்ட இடம் தொழிற்சாலைதானே? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இயந்திர விசையால் இயங்கி 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலையாகக் கொண்டது. மாகாண அரசு விரும்பினால் அந்த எண்ணிக்கையை 20 வரை குறைக்கலாம். எத்தனை பேர் உழைத்தாலும் இயந்திர விசை இல்லாத தோல் ஷாப்பு அந்த வரையறைக்கு வெளியே நின்றது. வேலை நேரத்துக்கும் குழந்தைகளின் வேலைக்கும் அந்தச் சட்டம் விதித்த வரம்பு எதுவும் தொட்டியில் நின்றவருக்குப் பொருந்தவில்லை. இதை ஏதோ எழுத்துப் பிழை என்று நான் தள்ளிவிட மாட்டேன். தோல் வேண்டும் என்று கேட்ட அரசுதான் அந்தச் சட்டத்தையும் இயற்றியது.

தோல் ஷாப்பாவது நான்கு சுவருக்குள் இருந்தது. பட்டை உரித்தவர்களோ எந்தக் கூரையின் கீழும் இல்லை. என் ஆயா, அதாவது என் தந்தையைப் பெற்றவர், சிறுமியாக இருந்தபோது தம் தாயோடு பத்தலபல்லிப் பக்கத்துக் கரம்புகளில் ஆவாரம்பட்டை உரிக்கப் போனவர். விடியுமுன் புறப்படுவார்களாம். கிளையை வெட்டி, கல்லில் வைத்துத் தட்டி, பட்டையைத் தனியே உரித்துக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து இறங்குவார்களாம். கூலி நாளுக்கு அன்று, கட்டின் எடைக்கு. ஈரப் பட்டையை நிறுக்க மாட்டார்கள், காய்ந்தபின்தான் தராசு. காய்ந்தால் எடை குறையும் என்பதை அவர் எழுபது வயதிலும் மனத்தாங்கலோடுதான் சொன்னார். போர்க்காலத்தில் பட்டை வாங்குகிறவர்கள் வழக்கத்தைவிட அடிக்கடி வந்தார்கள் என்றும், அருகில் இருந்த செடிகள் தீர்ந்ததால் மலைமேல் இன்னும் தொலைவுக்குப் போக வேண்டியிருந்தது என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பட்டை என்னவாகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "தொரைங்களுக்கு செருப்பு தைக்கிறாங்கன்னு சொன்னாங்க" என்பதே அவர் அறிந்த சேதி.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று நம் முன்னோர் சொன்னது அதன் மருத்துவக் குணத்தைக் கருதி. அந்தச் செடியின் பட்டையில் பதமான தோலை அணிந்துகொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று நினைக்கும்போது, பழமொழியை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

1918-இல் விலைவாசி தாங்க முடியாத அளவுக்கு ஏறியது. செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. படைக்குக் காக்கித் துணி நெய்த ஆலைத் தொழிலாளர்கள் அதில் திரண்டார்கள். ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோர் இருந்ததால் அது அவர்களுக்கு இயன்றது. தோல் ஷாப்புகள் சிறியவை, சிதறிக் கிடந்தவை. அங்கே சங்கம் பிந்தியே வந்தது. பட்டை உரித்த பெண்களுக்கு அது வரவே இல்லை.

1919-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு அரசு 15 சதவீதத் தீர்வை விதித்தது. பேரரசுக்குள் பதனிடப் போகும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளுபடி செய்தது. தோலைப் பேரரசுக்குள்ளேயே பதனிட வேண்டும் என்ற அளவில்தான் போர் கற்பித்த பாடம் அரசுக்கு உறைத்தது. 1922-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, இயந்திரம் இல்லாமலே 10 பேர் உழைக்கும் இடத்தையும் தொழிற்சாலையாக அறிவிக்கும் உரிமை மாகாண அரசுகளுக்குக் கிடைத்தது. அப்போது போர் முடிந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது.

பிற்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்னும் மரத்தின் பட்டை வந்து ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிடித்தது. பத்தலபல்லிச் சாலையோரத்தில் ஆவாரை இன்றும் பூக்கிறது; பட்டைக்காக அதை யாரும் வெட்டுவதில்லை. ஆயாவின் உள்ளங்கைக் கோடுகளில் படிந்திருந்த பழுப்பு நிறம், அவர் பட்டை உரிப்பதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் போகவில்லை என்று என் தந்தை சொல்வார்.

நன்றி. வணக்கம்.